அம்பாசிடரின் அடியில் எழும் இடிச்சத்தம்: ஹவுசிங்கை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில், பழைய அம்பாசிடர் கார் வைத்திருக்கும் வாசகர் ஒருவர், ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் காரின் அடியில் 'டங்' என்று எதுவோ இடிக்கும் சத்தம் கேட்பதாக எழுதியிருந்ததையும், ஹவுசிங்கை (பின் அச்சின் இரும்புக் கூட்டை) இறக்கி, அதனுள் பின்சக்கரங்களைச் சுழற்றும் பற்சக்கர ஜோடியான கிரவுன் பினியனை மாற்றிவிடுமாறு அவருக்கு விடையளிக்கப்பட்டிருந்ததையும் படித்தேன். கிரவுன் பினியன் தேய்ந்தாலும் அப்படிச் சத்தம் வரக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சத்தம் எப்போது தொடங்கியது, எந்த வகையில் கேட்கிறது என்று ஒன்றையுமே விசாரிக்காமல், கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய பாகத்தை முதலில் கழற்றச் சொல்வது அந்த வாசகருக்கு வீண் செலவை மட்டுமல்லாமல் ஆபத்தையும் தேடித் தரும் என்ற கவலையால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்தக் கவலை எனக்குச் சொந்த அனுபவத்தால் வந்தது. என் தந்தையார் 1984ஆம் ஆண்டில் வாங்கிய மார்க் 4 அம்பாசிடரை இன்றும் நான் ஓட்டி வருகிறேன். 1489 சிசி பெட்ரோல் என்ஜின் கொண்ட வண்டி. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையில், வளைவைக் கடந்து இரண்டாவது கியரில் அழுத்தி மிதித்தபோது, பின்இருக்கைக்கு நேர் கீழே சம்மட்டியால் அடித்தது போல ஒரு சத்தம் எழுந்தது. சமதளத்தில் மெதுவாகச் சென்றால் ஒன்றும் கேட்காது; மேட்டில் மிதித்தால் ஒவ்வொரு முறையும் கேட்கும். ஊர் திரும்பியதும் ஒரு பணிமனையில் காட்டினேன். அவர்கள் ஹவுசிங்கைப் பிரித்து வேறு வண்டியிலிருந்து எடுத்த கிரவுன் பினியனைப் போட்டார்கள், சத்தம் போகவில்லை. கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டு செல்லும் புரொப்பல்லர் ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள வளையும் இணைப்புகளான கிராஸ்களையும் மாற்றினார்கள், அப்போதும் போகவில்லை. அடுத்து கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார்கள். அந்த நிலையில்தான் லாரிகளுக்குக் கமான் பட்டை (வண்டியைத் தாங்கும் வளைந்த வில் பட்டை) கட்டும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றேன். அவர் வண்டியின் அடியில் குனிந்துகூடப் பார்க்காமல், "சத்தம் வருவதற்கு முன்னால் கடைசியாக வண்டியில் என்ன வேலை நடந்தது?" என்று மட்டும் கேட்டார்.

சத்தம் தொடங்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு பின்புறக் கமான் பட்டைகள் தாழ்ந்துபோனதால் அவற்றை அடித்து நிமிர்த்திப் பூட்டியிருந்தோம். அதைச் சொன்னவுடன் அவர் ஒரு தூரிகையில் வெள்ளைப் பெயின்டைத் தொட்டு, பட்டையின் மீதும் அதன்மேல் அமரும் ஹவுசிங் இருக்கையின் மீதும் சேர்த்து ஒரே நேர்க்கோடாக இழுத்தார். பெயின்ட் காய்ந்த பிறகு வண்டியை மேட்டில் நான்கு முறை அழுத்தி ஓட்டி வரச் சொன்னார். திரும்பி வந்து பார்த்தபோது வலப்பக்கக் கோடு இரண்டாக உடைந்து, விரற்கடை அளவுக்கு விலகி நின்றது. ஹவுசிங்கைப் பட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டுகள் தளர்ந்து, பட்டைகளை நடுவில் கோத்து ஹவுசிங்கை அதன் இடத்தில் நிறுத்தும் சென்டர் போல்ட் பாதி அறுந்த நிலையில் ஹவுசிங் பட்டையின்மேல் முன்னும் பின்னும் நழுவிக்கொண்டிருந்தது. அதுதான் இடிச்சத்தம். கிரவுன் பினியனுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

இது ஏன் மிதிக்கும்போது மட்டும் கேட்கிறது என்பதை வாசகர்கள் புரிந்துகொண்டால் பாதி நோய் பிடிபட்டுவிடும். என்ஜினின் முறுக்குவிசை முதல் இரண்டு கியர்களில் கியர்பாக்ஸிலும், பிறகு கிரவுன் பினியனிலும் பெருகி, முதல் கியரில் பத்து மடங்குக்கும் மேலாகப் பின்சக்கரங்களைச் சென்றடைகிறது. சக்கரம் முன்னோக்கிச் சுழல, அதைச் சுழற்றும் ஹவுசிங் அதற்கு எதிர்த்திசையில் சுழல முனைகிறது. அதாவது, ஷாஃப்ட் வந்து சேரும் அதன் மூக்கு மேல்நோக்கி எழுகிறது. அம்பாசிடரில் இந்த எழுச்சியைத் தடுப்பதற்குத் தனித் தண்டுகள் கிடையாது; இரண்டு பக்கமும் உள்ள கமான் பட்டைகளே வண்டியின் எடையையும் தாங்கி, இந்த முறுக்கையும் தாங்க வேண்டும். பட்டை சோர்ந்திருந்தாலோ, அதைப் பிடித்திருக்கும் புஷ் (ரப்பர் உறை), ஷேக்கிள் (பட்டையின் முனையை உடலோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு), யூ போல்ட் ஆகியவற்றுள் ஏதாவதொன்று தளர்ந்திருந்தாலோ, முறுக்கு ஏறும் நொடியில் ஹவுசிங் இடம்பெயர்ந்து எங்காவது மோதும். மெதுவாக ஓட்டும்போது அந்த அளவுக்கு விசை எழுவதில்லை என்பதால் சத்தமும் எழுவதில்லை.

இதே விசையின் மறுமுனை என்ஜினில் இருக்கிறது. அழுத்தி மிதிக்கும்போது என்ஜின் தன் இடப்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய முனையும். அதைப் பிடித்து நிறுத்துவது, என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர்தான். எண்ணெய் ஊறிப் பழுத்த ரப்பர், மேலிருந்து பார்த்தால் முழுதாகவே தெரியும். ஆனால் இரும்புத் தகட்டிலிருந்து அடியில் பிரிந்திருக்கும். அப்போது என்ஜின் எழுந்து விழும் சத்தம் காரின் தரைத்தகடு வழியாகப் பரவி, பின்னால் கேட்பது போலவே ஓட்டுநருக்குத் தோன்றும். என்ஜினோடு சேர்ந்து ஆடும் சைலன்சர் குழாய் தரைத்தகட்டில் இடிப்பதும் உண்டு. அந்தச் சத்தம் கனமாக இல்லாமல் தகரத்தைத் தட்டுவது போலிருக்கும். இதை அறிய எளிய வழி உண்டு. பானெட்டைத் திறந்துவைத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகளைக் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கையும் கால் பிரேக்கையும் இறுக்கிய பிறகு, அனுபவமுள்ள ஒருவர் முதல் கியரில் கிளட்சைச் சற்றே விட்டுப் பிடிக்க, மற்றொருவர் பக்கவாட்டில் நின்று என்ஜின் எவ்வளவு எழுகிறது என்று கவனிக்கலாம். ரிவர்ஸ் கியரில் வலப்பக்கம் எழும். காருக்கு முன்னாலும் பின்னாலும் எவரும் நிற்கவே கூடாது என்பதை இங்கே வற்புறுத்திச் சொல்கிறேன்.

சத்தத்தின் தன்மையையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். மிதித்தவுடன் ஒன்று, காலை எடுத்தவுடன் மற்றொன்று என ஒற்றையாக 'டக்' என்று கேட்டால், கிராஸிலோ ஷாஃப்டின் ஸ்ப்ளைனிலோ (பல்வெட்டுகளால் ஆன இணைப்பிலோ) ஆட்டம் இருக்கலாம். வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, பணிமனைக் குழிக்குள் இறங்கி ஷாஃப்டைக் கையால் இருபுறமும் திருகினாலே அந்த ஆட்டம் கைக்குத் தெரியும். கிராஸின் மூடியைச் சுற்றிச் செந்துரு பொடியாக உதிர்ந்திருந்தால், உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங்குகள் அரைபட்டுவிட்டன என்று பொருள். அதை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. ஓட்டத்தில் முன்பக்கக் கிராஸ் முறிந்தால் ஷாஃப்டின் முனை சாலையில் குத்தி வண்டியையே தூக்கிவிடும். மாறாக, மிதித்த மாத்திரத்தில் 'தட தட' என்று அடுத்தடுத்து வேகமாக இடித்தால், சோர்ந்த பட்டை முறுக்கி விடுபடுவதால் ஹவுசிங் துள்ளுகிறது எனக் கொள்ளலாம். கிரவுன் பினியனோ பெரும்பாலும் இடிப்பதற்கு வெகுநாள் முன்பே ஊளையிடத் தொடங்கிவிடும். அதன் மீது சந்தேகம் வந்தால், பிரிப்பதற்கு முன் ஹவுசிங் ஆயிலை வடித்து, அதில் ஒரு காந்தத்தை விட்டுப் பார்த்தால் போதும். இரும்புச் சில்லுகள் ஒட்டினால் மட்டுமே பிரிக்கும் பேச்சுக்கு இடமுண்டு.

டேப் வைத்திருக்கும் எவரும் செய்யக்கூடிய ஒரு சோதனையையும் சொல்லிவிடுகிறேன். அம்பாசிடரின் முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் இடைப்பட்ட நீளம் 2464 மில்லிமீட்டர். ஸ்டியரிங்கை நேராக வைத்து இரு பக்கமும் அளந்து, ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தோ கூடியோ இருந்தால், சென்டர் போல்ட் அறுந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதோடு பட்டையின் முன்முனை உடலோடு சேருமிடத்தையும் ஓர் இரும்பு லிவரால் நெம்பிப் பார்ப்பது அவசியம். இந்தக் காருக்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டகம்) கிடையாது; தரைத்தகடே அதன் சட்டகம். அந்த இடம் துருப்பிடித்துப் பிளந்திருந்தால், எத்தனை புதிய பாகங்களைப் போட்டாலும் இடிச்சத்தம் நிற்காது, வண்டியும் சாலைக்குத் தகுதியற்றது. இவற்றையெல்லாம் குழியிலோ உறுதியான ஸ்டாண்டுகளின் மேலோ நிறுத்தித்தான் செய்ய வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி ஒருவரும் அடியில் படுக்கக் கூடாது.

சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்போருக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது. அதில் டிஃபரென்ஷியல் (கிரவுன் பினியன் அடங்கிய பகுதி) சேஸிஸோடு பூட்டப்பட்டு, குறுக்கே ஒரே பட்டை இருப்பதால், டிஃபரென்ஷியலின் மவுண்டிங்கிலிருந்து தேடத் தொடங்க வேண்டும்.

மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் 1958 முதல் தயாரான அம்பாசிடரின் உற்பத்தி 2014ஆம் ஆண்டு மே மாதத்தோடு நின்றுவிட்டது. இன்று நல்ல கிரவுன் பினியன் ஜோடி கிடைப்பது அரிது. ஒன்றோடொன்று பழகித் தேய்ந்த அசல் ஜோடியைத் தேவையில்லாமல் கழற்றி எறிந்துவிட்டு, எந்த வண்டியிலிருந்தோ வந்த ஜோடியைப் போட்ட பிறகு, என் காரில் முன்பு இல்லாத ஊளைச்சத்தம் இப்போது நிரந்தரமாகிவிட்டது. நாற்பது ஆண்டுகள் சத்தமின்றி உழைத்த அந்தப் பற்சக்கரங்களைப் பழைய இரும்புக்குப் போட அனுமதித்தேனே என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த வாசகருக்கும் இது நேர்ந்துவிடக் கூடாது. முன்சக்கர இயக்கம் கொண்ட கார்களிலேயே தொழில் கற்ற இளம் மெக்கானிக்குகள் புரொப்பல்லர் ஷாஃப்டையும் கமான் பட்டையையும் அடிக்கடி காண வாய்ப்பில்லை. அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஆகவே தங்கள் வாகனப் பக்கத்தில் பழைய கார்களைப் பற்றிய கேள்விகளுக்கு விடை தரும்போது, லாரிப் பட்டறைகளிலும் கமான் கடைகளிலும் இருக்கும் மூத்த தொழிலாளர்களிடமும் கேட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தப்பட்ட வாசகருக்கு ஒரு வார்த்தை. தாங்கள் அண்மையில் கமான் பட்டை வேலை பார்த்திருந்தால், பழைய யூ போல்ட்டுகளையே மீண்டும் போட்டார்களா என்று கேளுங்கள். நீண்டுபோன போல்ட் மறுபடி இறுகாது. புதியவற்றையே போட்டு, நான்கு நட்டுகளையும் எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிப் பட்டைகள் படிந்த பிறகு மறுபடியும் ஒரு முறை ஸ்பானர் போட வேண்டும். என் வண்டியில் விட்டுப்போனது இந்த இரண்டாவது இறுக்கம்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
காரைக்குடி.