ரத்தினக்கல்லை உலர்வாகச் செதுக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ரத்தினக்கல்லில் சின்னப் பிள்ளையார், ஆமை, மீன் என்று செதுக்கிப் பழகுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காணொளிகள் சிலவற்றில் கல்லை உலர்வாகவே தேய்க்கிறார்கள். அகேட் என்ற வரிவரியான கல், படிகம் (குவார்ட்ஸ்) இரண்டும் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள். அந்தத் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. வைர முனையில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கல்லும் சூடேறி விரிசல் விடாது. என்-95 முகக்கவசமும் அவசியம். தண்ணீர் படாதபடி மோட்டாரை உயரத்தில் தொங்கவிட்டு, ஃபிளெக்ஸ் ஷாஃப்ட் (வளையும் சுழல்தண்டு) வழியாக முனையை இயக்குங்கள்.

காங்கேயம் பகுதியில் கிடைக்கும் சந்திரகாந்தக்கல் அழகுதான், ஆனால் முதல் கல்லாக வேண்டாம். இரண்டு திசைகளில் எளிதாகப் பிளக்கும். காதோ வாலோ பொட்டென்று போய்விடும். அகேட்டில் தொடங்குங்கள். கூராக்கிய அலுமினியக் கம்பியால் வரைந்த கோடு தண்ணீரில் அழியாது. மெல்லிய பாகங்களைக் கடைசிவரை தடிமனாகவே விட்டுவையுங்கள்.

பலரும் சோர்ந்துபோவது மெருகில்தான். தேய்க்கும் பொடி 220, 400, 600, 1200, 3000 என்று (எண் கூடக்கூட நயம்) போகும்போது, முந்தைய கீறல் முழுக்க மறைந்த பிறகே அடுத்த பொடி. ஈரம் கீறலை மறைக்கும். கல்லைத் துடைத்து உலர்த்தி, சாய்வான வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கல், கை, நகக்கண் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். பழைய துகள் ஒன்று ஒட்டியிருந்தாலும் மறுபடி கோடு விழும். கடைசியில் தோல் முனையில் சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடியைக் குழைத்துத் தேய்த்தால் பளபளப்பு வரும்.

மேசையில் படிந்த சேற்றை ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடுங்கள்; காய்ந்தால் அதுவும் தூசிதான்.

இப்படிக்கு,
வாசகர், திருப்பூர்