அடையாள அட்டை இலக்கத்தைக் கூட்டிக் கழிக்கும் எண்ணாக நினைக்காதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பு புறக்கோட்டையில் ஓர் இறக்குமதிக் கடையில் 21 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அக்காவுக்கு நடந்ததை எழுதாமல் இருக்க என் மனம் கேட்கவில்லை.

அக்கா வேலை செய்த தையல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வேலையாட்களுக்குச் சேரவேண்டிய ஒரு கொடுப்பனவுக்காக அவர்களுடைய பட்டியலை நிர்வாகம் ஓர் அலுவலகத்துக்கு அனுப்பியது. பணம் வந்ததா என்று கேட்க அக்கா மூன்று தடவை போனார். மூன்று தடவையும் ஒரே பதில்: "அக்கா, உங்கட இலக்கம் சிஸ்டத்தில இல்லை." ஒவ்வொரு தடவையும் அரைநாள் வீணாகப் போனது. நான்காம் தடவை நானும் கூடப் போனேன்.

கவுண்டரில் இருந்த தம்பி நல்ல பிள்ளை. கேட்டதும் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அக்காவின் பெயருக்கு நேரே அடையாள அட்டை இலக்கம் இருக்கவேண்டிய இடத்தில் 1.97257E+11 என்று இருந்தது. பார்த்ததுமே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

பழைய அட்டையில் 9 எண்ணும் கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும் இருக்கும். 2016இல் தொடங்கிய புதிய இலக்கத்தில் எழுத்தே இல்லை, 12 எண்கள் மட்டும். எழுத்து இருப்பதால் பழையதை எக்செல் சொல்லாக எடுத்துக்கொண்டு அப்படியே விட்டுவிடும். புதியதை ஒரு பெரிய தொகை என்று நினைத்து, 11 எண்ணுக்கு மேல் போனதால் இப்படிச் சுருக்கிக் காட்டும். அந்தக் கலத்துக்குள் முழு இலக்கமும் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நிலையிலேயே கோப்பை சிஎஸ்வியாக (CSV), அதாவது வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் திரையில் தெரிகிற சுருக்கம்தான் கோப்பில் எழுதப்படும். மற்ற எண்கள் போனது போனதுதான், பிறகு நிரலை (மேலிருந்து கீழாகப் போகும் வரிசையை) எவ்வளவு அகலமாக்கினாலும் திரும்பி வராது.

அந்த எண்கள் போனதால் என்ன நட்டம் தெரியுமா? இலக்கத்தின் முதல் நான்கு எண்ணும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாம் நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். அக்கா 1972 மார்ச் மாதக்காரி. அந்தச் சுருக்கத்தை வைத்துப் பார்த்தால், அந்த வருடம் மார்ச் 5 முதல் 14 வரை பிறந்த பெண்கள் எல்லோருக்கும் ஒரே இலக்கம்தான் வரும். அதே பட்டியலில் கொஞ்சம் கீழே இன்னொரு பெண்ணுக்கும் இதே 1.97257E+11 இருந்ததை என் கண்ணால் கண்டேன்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், பழைய அட்டை வைத்திருந்தவர்கள் பலருக்குப் பணம் போய்விட்டது. எழுத்து அழிந்துபோன அட்டையோடு அலையக்கூடாது என்று ஒழுங்காகப் புதியது எடுத்த அக்காதான் மாட்டிக்கொண்டார்.

முழு இலக்கம் வந்திருந்தாலும் இன்னொரு சிக்கல் இருந்தது. அலுவலகத்தின் தரவுத்தளத்தில் அக்காவின் பழைய இலக்கம்தான் பதிவாகியிருந்தது. பழையதைப் புதியதாக்குவது லேசான வேலை: முன்னால் 19 போட்டு, பழைய இலக்கத்தின் முதல் ஐந்து எண்ணுக்குப் பிறகு ஒரு பூச்சியம் சேர்த்து, கடைசி எழுத்தை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பக்கத்தையும் இப்படி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, இடைவெளிகளையும் நீக்கிவிட்டு ஒப்பிட்டிருந்தால் ஆள் உடனே அகப்பட்டிருப்பார்.

"பெயரை வைத்துப் பாருங்களேன்" என்று அக்கா கெஞ்சினார். எங்கள் பெயர்களை வைத்து எப்படிப் பார்ப்பது? ஆங்கிலத்தில் எழுதும்போது ஓரிடத்தில் எச் கூடும், இன்னோரிடத்தில் குறையும். கலியாணத்துக்கு முன் தகப்பன் பெயர், பின் கணவன் பெயர். ஒரு கடிதத்தில் முதலெழுத்து முன்னால், அடுத்ததில் பின்னால். தமிழ் ஆட்களுக்கு அந்த இலக்கம்தான் துணை. அதனால்தான் அதைப் பழுதாக்கும்போது இவ்வளவு கோபம் வருகிறது.

என் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்கிறேன். தட்டத் தொடங்கும் முன்பே இலக்கம் வரும் நிரலை டெக்ஸ்ட், அதாவது சொல், என்று மாற்றுங்கள். சிஎஸ்வி கோப்பை இரட்டைக் கிளிக்கில் திறக்காமல், இம்போர்ட் வழியாக எடுத்து அங்கேயே டெக்ஸ்ட் என்று சொல்லுங்கள். வங்கிக் கணக்கு, தொலைபேசி இலக்கங்களுக்கும் இதையே செய்யுங்கள், இல்லாவிட்டால் முன்னால் உள்ள பூச்சியம் ஓடிவிடும். ஒரு பட்டியலில் உள்ளவரை இன்னொன்றில் தேடித்தரும் விலுக்கப் (VLOOKUP) போடும்போது, அப்படியே பொருந்தினால் மட்டும் தா என்பதற்குக் கடைசியில் ஃபோல்ஸ் (FALSE) கொடுக்க மறக்கவேண்டாம். கொடுக்காவிட்டால் கிட்டத்தட்ட ஒத்த வேறொருவரின் விவரத்தைத் தந்துவிடும், பிழை என்றும் சொல்லாது. ஆளே இல்லை என்று வருவதைவிட அது பயங்கரம்.

பட்டியலை வாங்கும் அலுவலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பொருந்தினார்கள், எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். 2020இல் இங்கிலாந்தில் பழைய எக்செல் கோப்பு 65,536 நிரைகளுக்கு மேல் கொள்ளாததால் 15,841 கொரோனாத் தொற்றாளர்கள் நாளாந்தக் கணக்கில் விடுபட்டுப் போனார்கள். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பொருந்தாத நிரைகளை "இல்லை" என்று மூடிவைக்காமல் அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புங்கள்.

தொழிற்சாலையின் மூலக் கோப்பைத் தேடி எடுத்து, இலக்கங்களைத் திருத்தி, போன கிழமை திரும்பக் கொடுத்திருக்கிறோம். கவுண்டர்த் தம்பி வாங்கி வைத்திருக்கிறார். அக்காவோடு வேலை செய்த யாராவது இதை வாசித்தால், "இல்லை" என்ற பதிலோடு வீட்டுக்குப் போகாதீர்கள். கோப்பில் உங்கள் இலக்கம் எப்படி எழுதியிருக்கிறது என்று திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். முக்கியமாக, 1972 மார்ச்சில் பிறந்த அந்த மற்றப் பெண்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13