மதில்மேல் பூனையா, மாமா?

அன்புள்ள மாமாவுக்கு,

தீபாவளியன்று சாப்பிட்டுக் கை கழுவும்போது நீங்கள் சொன்னது இன்னும் உறுத்துகிறது. அமெரிக்காவா சீனாவா என்று கேட்டால் நம் மலேசியா மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருக்கிறது என்றீர்கள். எல்லார் முன்னாலும் எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நம் இரண்டாவது பிரதமர் துன் ரசாக்கை நினைத்துப் பாருங்கள். 1974 மே மாதம் அவர் பெய்ஜிங் போனபோது, நம் காடுகளில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு சண்டை ஓயவில்லை. அவர்களுக்கு ஆதரவாக நின்றது சீனா. அப்படியிருந்தும் போனார், மாவோவைச் சந்தித்தார், மே 31-இல் தூதரக உறவுக்குக் கையெழுத்துப் போட்டார். தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகளில் முதலில் அதைச் செய்தது நாம்தான். பயந்தவர் செய்கிற காரியமா மாமா அது?

அவருக்கு முன் பிரதமராக இருந்த துங்கு அப்துல் ரஹ்மான் காலத்தில் மேற்கு நாடுகள் பக்கம் வெளிப்படையாகவே சாய்ந்திருந்தோம். 1968-இல் பிரிட்டன் தன் படைகளைத் திருப்பி அழைக்கப்போவதாக அறிவித்தது. அடுத்தவர் வந்து காப்பார் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1970-இல் அணிசேரா இயக்கத்தில் சேர்ந்தோம். மறு வருடமே தென்கிழக்காசியா அமைதியும் சுதந்திரமும் நடுநிலையும் உள்ள வட்டாரமாக இருக்க வேண்டும் என்று ஆசியான் நாடுகள் கோலாலம்பூரில் பிரகடனம் செய்தன.

சரி, பட்டர்வொர்த் விமானத் தளத்தில் ஆஸ்திரேலியர்களுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, எனக்கும் அது நெருடல்தான். ஆனால் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூரோடு நாம் 1971-இல் செய்துகொண்ட அந்த ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு, யாராவது தாக்கினால் கூடிக் கலந்து பேசுவோம் என்பதோடு நிற்கிறது. சண்டைக்கு வந்தே தீருவோம் என்ற வாக்கு அதில் இல்லை. அவர்கள் போர்களுக்கு நாமும் போயாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

நான் தினமும் பத்து காவானிலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகும் இரண்டாவது பாலத்தில் ஏறித்தான் வேலைக்குப் போகிறேன். 2014-இல் திறந்த அந்தப் பாலத்துக்குச் சீனா கடன் கொடுத்தது. போய் இறங்குவது பாயான் லெப்பாஸில், ஒரு அமெரிக்கக் கம்பெனியின் வாசலில். இரண்டில் ஒன்றை வெட்டிவிடு என்று யாராவது சொன்னால், அந்த விலையை வாஷிங்டனோ பெய்ஜிங்கோ கொடுக்கப்போவதில்லை. என்னைப்போல ஷிஃப்டுக்குப் போகிறவர்கள்தான் கொடுப்போம்.

அப்புறம் ஒன்று. 1967-இல் சோவியத் யூனியனோடு நாம் உறவு வைத்துக்கொண்டதற்கு ரப்பர் ஒரு முக்கியக் காரணம். நம் ரப்பரை அவர்கள் ஏராளமாக வாங்கினார்கள். நீங்களும் அத்தையும் இருட்டோடு எழுந்து வெட்டிய பால் ரஷ்ய லாரிச் சக்கரத்திலும் ஓடியிருக்கும், அமெரிக்கக் காரிலும் ஓடியிருக்கும். தோட்டத்தில் அதைப் பற்றி யாராவது பேசிக்கொள்வார்களா மாமா? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்