பிளேட்லெட் சரியென்றால் போதுமா?

ஆசிரியருக்கு,

தங்கையின் மகனுக்கு ஏழு வயது. பால்பல் விழுந்த இடத்தில் இரண்டு நாளாகியும் இரத்தம் நிற்கவில்லை. விடிய எழும்பிப் பார்த்தால் தலையணை முழுக்க இரத்தம். அதற்கு முன் முழங்கால் வீங்கியபோதெல்லாம் 'விளையாடி விழுந்திருப்பான்' என்றே விட்டுவிட்டோம். வைத்தியசாலையில், இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் எண்ணிக்கை சரி, பயமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

பிளேட்லெட் சரியாக இருந்தும் இரத்தம் உறையாமல் போகலாம். பி.ரி., ஏ.பி.ரி.ரி. இரண்டும் இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் பரிசோதனைகள். பி.ரி. சாதாரணமாக இருக்க, ஏ.பி.ரி.ரி. மட்டும் நீண்டால் 8ஆம் அல்லது 9ஆம் உறைதல் காரணி (இரத்தம் உறையத் தேவையான புரதம்) குறைவா என்று பார்க்க வேண்டும், அதுதான் ஹீமோபீலியா. இலேசான குறைபாட்டில் ஏ.பி.ரி.ரி.யும் சாதாரணமாகவே வரலாம். அதனால் குடும்பத்தில், குறிப்பாகத் தாய்மாமன்மாரில், இப்படி யாருக்கும் இருந்ததா என்று கட்டாயம் கேட்க வேண்டும். எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை.

மாதிரி எடுப்பதிலும் கவனம் தேவை. நீலமூடிக் குழாயில் 9 பங்கு இரத்தத்துக்கு, இரத்தம் உறையாமல் தடுக்கும் சித்திரேற்று 1 பங்கு. கோடுவரை நிரம்பாவிட்டால் உறையும் நேரம் பொய்யாக நீண்டு காட்டும். அறை வெப்பத்தில் 4 மணித்தியாலத்துக்குள் ஏ.பி.ரி.ரி. பார்த்துவிட வேண்டும். ஒட்டுசுட்டானின் உட்கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களுக்காக, இந்தப் பரிசோதனைகளை வன்னியின் ஆதார வைத்தியசாலைகளிலேயே செய்ய வழி செய்யுங்கள்.

ஒரு தாய்மாமன்,
முல்லைத்தீவு மாவட்டம்