டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் இதைப் படி

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள கட்டை,

இங்கே எல்லாரும் சுகம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது, அந்தக் கிள்ளான் எண்ணெய் கேட்கிறதா என்று உன் தங்கச்சி விசாரிக்கச் சொன்னாள். விசாரித்தாயிற்று. வாட்சாப்பில் எழுதினால் நீ கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவாய், அதனால்தான் கடிதம்.

நாம் பதிவு செய்த தோட்டத்து ஆட்களின் குரல்களை ஆளுக்கு ஒரு நகல் வைத்திருக்கிறோமே, கோலாலம்பூர் லோ யாட் கணினி மாலில் ஒரே கடையில், ஒரே நாளில் ஜோடியாக வாங்கிய யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குகள், அதில் என்னுடையது மக்கர் பண்ணுகிறது. அடியோடு போயிருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். இது பாதி உயிரை வைத்துக்கொண்டு ஆட்டம் காட்டுகிறது. காப்பி போட்டால் 100 எம்பி வேகத்தில் கிளம்பும், கொஞ்ச தூரம் போகும், அப்படியே நின்றுவிடும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதம் வேலையில் இருக்கிறது என்கிறது. வேகம் மட்டும் பூஜ்யம். தோட்டத்தில் வேலை வாங்கிய நம் பழைய தண்டலைத்தான் நினைத்துக்கொண்டேன். நாள் முழுக்க ஓட்டம், ரப்பர் பால் வாளி காலி.

மீசை வந்து பார்த்தான். பாயான் லெப்பாஸில் டிஸ்க் ஆலையில் இரவு ஷிப்ட் பார்த்தவன் அல்லவா, என்னமோ அவனே டிஸ்க்கைக் கண்டுபிடித்ததுபோல் பேச்சு. நம் செலவில் தே தாரிக் குடித்துவிட்டு அரை மணி நேரம் சொற்பொழிவு. ஆனால் ஒன்று சொன்னான், அது சரியான பேச்சு: "மெதுவாக இருக்கிறது என்று புலம்பாதே. எப்போது மெதுவாகிறது, எந்த இடத்தில் நிற்கிறது, அதைப் பார்."

அப்படிப் பார்த்ததில் முதலில் மாட்டியது நீதான். தீபாவளிக்கு நான் அங்கே வந்திருந்தபோது உன் டிஸ்க் ஆரம்பத்திலிருந்தே ஊர்கிறது என்று அழுதாய் இல்லையா? நீ செருகி வைத்திருந்த வயரை அன்றே பார்த்தேன், விருந்தாளி முன்னால் சொல்ல வேண்டாமென்று விட்டேன். டிஸ்க்கின் வாய் அகலமானது, இரண்டு பகுதியாக இருக்கும். அதில் ஒரு பகுதியில் பழைய ஃபோன் சார்ஜ் வயரும் நுழையும், டிஸ்க்கும் ஓடும். ஆனால் அது யூஎஸ்பி 2 வயர். கணக்குப்படி 480 மெகாபிட், கைக்கு வருவது விநாடிக்கு 35, 40 எம்பிதான். டிஸ்க்கோடு வந்த குட்டி வயரைத் தேடி எடு. மேசைக் கணினிப் பெட்டியின் முன்பக்கத் துளையில் செருகாதே, பின்பக்கம் நேராக மதர்போர்டிலேயே இருக்கும் துளையில் செருகு. யூஎஸ்பி 3 துளை பெரும்பாலும் உள்ளே நீலமாக இருக்கும். நாலு துளை யூஎஸ்பி ஹப் ஒன்றில் மவுஸ், விசைப்பலகை, உன் மகனின் ஃபோன் எல்லாம் தொங்குகிறதே, டிஸ்க்கை அதில் மாட்டவே மாட்டாதே. இந்தச் சின்ன டிஸ்க்குகளுக்குத் தனி மின்சாரம் கிடையாது, வயர் வழியாக வருவதுதான் சாப்பாடு. யூஎஸ்பி 2 துளை 500 மில்லிஆம்பியர் தரும், யூஎஸ்பி 3 துளை 900. அதையும் பங்கு போட்டால் டிஸ்க் சுழல முயன்று விழும், மறுபடி முயலும்.

சும்மா கிடந்துவிட்டு, கேட்டதும் சில விநாடி திணறுகிறது என்றால் அது தூங்கி எழுகிறது, அவ்வளவுதான். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில், சும்மா இருக்கும் யூஎஸ்பி சாதனத்தைத் தூங்க வைக்கும் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணைத்துப் பார்.

நிறைய எழுதும்போது மட்டும் வேகம் சரிந்தால் அதற்கு வேறு காரணம். மலிவு விலைக்குக் கொள்ளளவைக் கூட்ட, உள்ளே சுழலும் தட்டில் தகவல் எழுதும் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏறும்படி நெருக்கி எழுதுகிற டிஸ்க்குகள் இருக்கின்றன. ஒன்றைத் திருத்த வேண்டுமென்றால் பக்கத்துத் தடங்களையும் மறுபடி எழுத வேண்டும். அதனால் தற்காலிக இடம் நிறைந்ததும் நொண்ட ஆரம்பிக்கும். இது நோயல்ல, பிறவிக் குணம். வயரைப் பிடுங்காமல் கொஞ்ச நேரம் விட்டால் தானே ஒழுங்கு பண்ணிக்கொள்ளும். வாங்கும்போது கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், பெட்டியிலும் பெரும்பாலும் இருக்காது. எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான்.

என்னுடையது இந்த வகை எதிலும் சேரவில்லை. எழுதாமல் படிக்கும்போதே நிற்கிறது. வயரை மாற்றினாலும் நிற்கிறது. மீசையின் மடிக்கணினியில் மாட்டினாலும் அதே கோப்பில், அதே இடத்தில் நிற்கிறது. காதை வைத்துக் கேட்டால் ஒரு டிக், இடைவெளி, இன்னொரு டிக், பிறகு சுழற்சி இறங்கி மறுபடி ஏறும் சத்தம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று இலவச மென்பொருள் ஒன்று உண்டு, நீயும் போட்டுக்கொள். அதில் சி5 என்ற வரியைப் பார். படிக்க முடியாமல் தவணை சொல்லி நிறுத்தி வைத்திருக்கும் செக்டர்களின், அதாவது தட்டில் உள்ள சின்னச் சின்னத் துண்டு இடங்களின், எண்ணிக்கை அது. பூஜ்யமாக இருக்க வேண்டும். எனக்கு ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஏறிக்கொண்டே போனது. எண்கள் பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாக வைத்த ஹெக்ஸ் கணக்கில் இருக்கும், 10 என்று காட்டினால் 16 என்று படி. சி7 மட்டும் ஏறினால் கோளாறு பெரும்பாலும் இணைப்பில்தான், தட்டில் இல்லை, கவலைப்படாதே. சி5 ஏறினால் தட்டே போகிறது.

அந்த நேரம் பார்த்து விண்டோஸ் அன்பாகக் கேட்கும், ஸ்கேன் செய்து சரி பண்ணித் தரட்டுமா என்று. வேண்டாம் என்று சொல். அதற்குக் கோப்புக் கணக்கு நேரானால் போதும், உன் கோப்புகளைப் பற்றிக் கவலையில்லை. செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கை ஓரம் ஓரமாகப் படிக்க வைத்து மீதி உயிரையும் வாங்கிவிடும். உன் மகன் சொன்ன ஐஸ்பெட்டி வைத்தியமும் வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் வெளியே எடுத்ததும் வேர்த்து ஊற்றும். திறந்து பார்க்கவும் கூடாது. படிக்கும் தலை தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது, ஒரு தூசி போதும் முடிந்தது என்று மீசை சத்தியம் பண்ணுகிறான்.

மீட்டுத் தரும் கடை ஒன்றில் விலை கேட்டேன். உன் தங்கச்சியிடம் இன்னும் சொல்லவில்லை. கடைசியில் பென்டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பி, கெட்டுப்போகும் டிஸ்க்கிலிருந்து நகல் எடுக்கும் டிடிரெஸ்க்யூவை ஓட்டினேன். அந்த நிரல் கெட்டிக்காரத்தனமானது. நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொள்ளும், முரண்டு பிடிக்கும் இடத்தைக் குறித்துவிட்டுத் தாண்டிப் போகும், எல்லாம் முடிந்த பிறகுதான் அங்கே திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். குறிப்பை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்வதால் இடையில் கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் தொடங்கலாம். டிஸ்க்குக்கு நேராக மேசை மின்விசிறியை வைத்துவிட்டு இரவெல்லாம் ஓட விட்டேன்.

கிட்டத்தட்ட எல்லாம் வந்துவிட்டது. அப்பா வெட்டி ஒட்டி வைத்த தமிழ் நேசன் துண்டுகள் ஒன்றுகூடப் போகவில்லை. 1924-இல் தொடங்கிய பத்திரிகை 2019-இல் நின்ற பிறகு, அந்த ஃபோல்டரைத் திறக்கும்போதெல்லாம் அப்பா பசியாறும் மேசையில் உட்கார்ந்து கத்தரிக்கோலைத் தேடுவது ஞாபகம் வரும். தோட்டத்து ஆட்களின் குரல்களும் வந்துவிட்டன.

வெத்தலைப் பாட்டியுடையது மட்டும் ஓட்டையாக வந்திருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் சயாம்-பர்மா ரயில் பாதை போடப் பிடித்துப் போன தன் அண்ணனைப் பற்றிச் சொல்வாளே, அதுதான். கோப்பு திறக்கிறது. லயத்து வாசலில் லாரி வந்து நின்றது என்று ஆரம்பிக்கிறாள், "அண்ணே கையில" என்கிறாள், அங்கே அறுந்துவிடுகிறது. திரும்பச் சத்தம் வரும்போது நீ அவளுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறாய். அண்ணன் கையில் என்ன இருந்தது என்று எனக்கு ஞாபகம் வரவில்லை, கட்டை. எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். 1942, 43-இல் அந்தப் பாதை போடப் போய்த் திரும்பாத நம் ஆட்களுக்கு ஒரு சரியான பெயர்ப் பட்டியல்கூடக் கிடையாது. பாட்டியும் இப்போது இல்லை.

இனி அது முழுதாக இருக்கக்கூடிய ஒரே இடம் உன் டிஸ்க். ஒரே கடை, ஒரே நாள், ஒரே வயசு என்பதை மறந்துவிடாதே. அதனால் வேகத்தைச் சோதிக்கிறேன், சுத்தம் பண்ணுகிறேன் என்று எதையும் ஆரம்பிக்காதே. சரியான வயர், பின்பக்கத் துளை, பாட்டியின் ஃபோல்டரை மட்டும் முதலில் கணினிக்கு இழு. வந்ததும் அங்கிருந்தே எனக்கு அனுப்பிவிடு. மற்றதெல்லாம் அப்புறம். நடுவில் நின்றால் திரும்பத் திரும்ப அமுக்காமல் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு எனக்கு ஃபோன் பண்ணு, மீசையை இழுத்துக்கொண்டு இரவு பஸ்ஸிலேயே செந்தூலுக்கு வந்துவிடுகிறேன். அவன் டிக்கெட் உன் கணக்கு.

நகல் வந்துவிட்டால் அந்த லாரி இடத்தைக் கேட்டுப் பார்த்துச் சொல்.

உன்,
கண்ணாடி