உன் ரகசியத்தைச் சொல்லிவிட்டேன்

மச்சான்,

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். யாரிடமும் சொல்லாதே என்று நீ கேட்டுக்கொண்ட விஷயத்தை உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லி வருடங்கள் ஆகிவிட்டன. உன்னிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

எது என்று உனக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. பந்தைத் துரத்திக்கொண்டு கோட்டோரமாக ஓடினாய். நான் பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தேன். ஓட்டத்தின் நடுவிலேயே கால் மடங்கி விழுந்தாய். தடுக்கி விழுகிறவன் கையை ஊன்றுவான். நீ ஊன்றவில்லை. அடுக்கிவைத்த மூட்டை சரிகிற மாதிரி அப்படியே சரிந்தாய். நான் ஓடிவந்து குனிவதற்குள் கண்ணைத் திறந்துவிட்டாய். அரை நிமிடம் இருக்குமா? அவ்வளவுதான்.

"ஒண்ணுமில்லடா. காலையில சாப்பிடல. வீட்ல சொல்லிடாத, அம்மா அப்புறம் விளையாடவே விடமாட்டாங்க."

சரி என்றேன். இடது முழங்கையில் நல்ல சிராய்ப்பு. குழாயடியில் கழுவிவிட்டு அதன்மேல் வாயால் ஊதிக்கொண்டே திரும்ப வந்தாய். இரண்டாம் பாதியில் கோல் போட்டாய். அந்தப் பந்தை உனக்குத் தள்ளிவிட்டவன் நான். விழுந்து எழுந்தவனுக்கு, முக்கால் மணி நேரத்துக்குள், ஓடு என்று பந்தைத் தள்ளிவிட்டேன்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பிறகு எத்தனையோ முறை என்னையே கேட்டுக்கொண்டேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. நமக்குள் அப்படித்தான் நடந்தது. எனக்கு வேலை போனதை மூன்று மாதம் வீட்டில் மறைத்தேனே, தினமும் காலையில் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பி வந்து உட்கார்ந்தது உன் அறையில்தான். சாவியை நிலைக்கு மேலே வைத்துவிட்டுப் போவாய். யாருக்கும் தெரியாது. பின்னால் நமக்குள் எத்தனை சண்டை வந்தது, ஒரு சண்டையில்கூட நீ அதை எடுக்கவில்லை. அப்படிப்பட்டவன் 'வீட்ல சொல்லிடாத' என்றால் நான் சொல்வேனா? அதற்குப் பெயர் நட்பு என்றே நினைத்திருந்தேன்.

பதினான்கு மாதம் கழித்து அதே மைதானத்தில் இன்னொரு முறை விழுந்தாய்.

அந்த நாளைப் பற்றி உனக்கு எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதனால் நான் சொல்கிறேன். இந்த முறையும் கையை ஊன்றவில்லை. உடம்பு இரண்டு மூன்று தடவை வெட்டி இழுத்தது. வலிப்பு என்றான் ஒருவன். இன்னொருவன் தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் அடித்தான். 'கூட்டம் போடாதீங்க, காத்து வரட்டும்' என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் உன்னைச் சுற்றி நின்றோம். அப்போது உன் வாய் திறந்து ஒரு பெரிய மூச்சு வந்தது. குறட்டை மாதிரி சத்தத்தோடு. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. 'மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு!' என்று கத்தினேன். எல்லோருக்கும் உயிர் வந்தது. போன முறை மாதிரி இப்போதும் எழுந்துவிடுவாய் என்று நான் நினைத்தேன். இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்தோம். பிறகுதான் காரில் ஏற்றினோம். பின்சீட்டில் உன் தலை என் மடியில். வழியெல்லாம் உன்னிடம் பேசிக்கொண்டே வந்தேன். என்ன பேசினேன் என்று ஒரு வார்த்தை நினைவில்லை.

அது மூச்சே இல்லை, மச்சான். இதயம் நின்றுபோன பிறகும் மூளைத்தண்டு கொஞ்ச நேரம் அப்படி இழுத்துப் பார்க்குமாம். பார்க்கிறவர்களுக்கு மூச்சு விடுகிற மாதிரியே இருக்கும். இதயம் திடீரென்று நின்றவர்களில் பலருக்கு முதல் சில நிமிடங்களில் இது வரும், கூட இருப்பவர்கள் ஏமாந்துபோவார்கள் என்று பின்னால் படித்தேன். நெஞ்சில் கை வைத்து அழுத்தத் தொடங்க வேண்டிய நேரம் அதுதான். யாரும் எதுவும் செய்யாமல் கழிகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறையும். நாங்கள் காத்திருந்த நிமிடங்களையும் கார் ஓடிய நிமிடங்களையும் கூட்டிப் பார்த்திருக்கிறேன். இங்கே எழுத மாட்டேன்.

மருத்துவமனையில் 'மாரடைப்பு' என்றார்கள். 26 வயதில் மாரடைப்பா என்று எல்லோரும் கேட்டார்கள், அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள். ராத்திரி கண் விழிப்பு. வேலை டென்ஷன். உடற்கூறாய்வு எதுவும் நடக்கவில்லை, யாருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. நான் மூலையில் நின்றுகொண்டிருந்தேன். நீ முன்பே ஒரு முறை நினைவிழந்து விழுந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அப்போதும் சொல்லவில்லை. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது, அந்தம்மாவுக்கு இன்னொரு வேதனைதானே என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு இரண்டு வருடம் ஓடியது.

2021 ஜூன் 12. யூரோ கோப்பை, கோபன்ஹேகனில் டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடிய ஆட்டம். நீ இருந்திருந்தால் சேர்ந்துதான் பார்த்திருப்போம். முதல் பாதி முடிய இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது, பக்கவாட்டிலிருந்து எறிந்த பந்தை வாங்க வந்த டென்மார்க் ஆட்டக்காரர் கிறிஸ்டியன் எரிக்சன் அப்படியே முன்னால் விழுந்தார். பக்கத்தில் யாரும் இடிக்கவில்லை. கையை ஊன்றவில்லை. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். வர்ணனையாளர் என்ன ஏது என்று புரியாமல் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த விழுகையை நான் இரண்டு முறை பார்த்தவன்.

அங்கே அடுத்து நடந்ததை நீ பார்க்க வேண்டும் மச்சான். கேப்டன் சிமோன் கியேர் ஓடிப்போய் அவரைக் கவனித்தார். மருத்துவர்கள் வந்து நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள். அணியின் ஆட்டக்காரர்கள் சுற்றி வட்டமாக நின்றார்கள், தோளோடு தோள் ஒட்டி, எரிக்சனுக்கு முதுகைக் காட்டி, முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு. சிலர் அழுதுகொண்டிருந்தார்கள். நாங்களும் உன்னைச் சுற்றி வட்டமாகத்தான் நின்றோம். எல்லோரும் உன்னையே பார்த்துக்கொண்டு. மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி அங்கே மைதானத்திலேயே இருந்தது. ஒரே அதிர்ச்சியில் இதயம் திரும்பியது. அவர் போய்விட்டார், நாங்கள் திருப்பிக் கொண்டுவந்தோம் என்று அணி மருத்துவர் மறுநாள் சொன்னார்.

அன்று ராத்திரி தூங்கவில்லை. ஃபோனில் ஒன்றைத் தொட்டு ஒன்றாகப் படித்துக்கொண்டே போனேன். மாரடைப்பு வேறு, இதயம் திடீரென்று நின்றுபோவது வேறு. முதலாவது ரத்தக்குழாய் அடைப்பு. இரண்டாவது இதயத்தின் மின்சாரத்தில் வருகிற குழப்பம், துடிக்க வேண்டியது வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். இளைஞர்கள் விளையாடும்போது திடீரென்று விழுந்து இறப்பதற்கு இரண்டாவதுதான் பெரும்பாலும் காரணம். அதற்குப் பின்னால் பல நேரங்களில் பிறவியிலேயே வந்த ஒரு கோளாறு இருக்கும். கேமரூனின் மார்க் விவியன் ஃபோ 2003-ல் லியோனில் ஆடும்போது விழுந்து இறந்தாரே, அவருக்கு 28 வயது. இதயத் தசை அளவுக்கு மீறித் தடித்திருந்ததாம். ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இந்தத் தடிப்பு இருக்கிறது. பெரும்பாலோருக்குத் தெரியவே தெரியாது. குடும்ப வழியாக வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

விடிகிற நேரத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. ஓடும்போது காரணமில்லாமல் மயங்கி விழுவது முக்கியமான எச்சரிக்கை, உடனே இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். உன்னை நினைத்ததைவிட அந்த நிமிடத்தில் உன் தங்கையைத்தான் நினைத்தேன். கல்லூரியில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தாள்.

காலையில் உன் வீட்டுக்குப் போனேன். "வாப்பா" என்றார் அம்மா. உன் படத்துக்குக் கீழே இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்து, படத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நீ விழுந்தது, அரை நிமிடம் நினைவில்லாமல் கிடந்தது, சொல்லாதே என்று கேட்டது, நான் சரி என்றது. திட்டுவார், அழுவார், எழுந்து போ என்பார் என்று எதிர்பார்த்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"விழுந்தப்போ அடிபட்டுச்சா தம்பி?"

முழங்கையில் சிராய்ப்பு என்றேன். முழுக்கை சட்டை போட்டு மறைத்துக்கொண்டான் என்றேன்.

"ஆமா. வெயில் காலத்துல ஒரு வாரம் முழுக்கை சட்டையா போட்டுட்டுத் திரிஞ்சான். ஏன்டான்னு கேட்டேன். ஸ்டைலும்மான்னு சொன்னான்."

அதைச் சொல்லும்போது சிரித்தார். சிரித்துவிட்டுத்தான் அழுதார். நீ ஏமாற்றிவிட்டதாக நினைத்தாயே, அவர் கவனித்திருக்கிறார்டா.

தங்கையை மருத்துவரிடம் அழைத்துப்போனோம். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் எழுதுவதை நிறுத்தினார். வீட்டில் வேறு யாராவது இளவயதில் இறந்திருக்கிறார்களா என்று கேட்டார். அம்மா கொஞ்சம் தயங்கி, தன் தம்பி 34 வயதில் குளிக்கப் போன இடத்தில் விழுந்து இறந்ததைச் சொன்னார். வழுக்கி விழுந்ததாகத்தான் இத்தனை நாள் வீட்டில் பேச்சு. உன் மாமாவைப் பற்றி நீ என்னிடம் சொன்னதுகூட அப்படித்தான். அன்றே தங்கைக்கு ஈசிஜி, எக்கோ இரண்டும் எடுத்தார்கள். எக்கோ அறையில் அம்மாவோடு நானும் நின்றேன். திரையில் சாம்பல் நிறத்தில் அவள் இதயம் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கீழறைகள் இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர் உண்டு, சாதாரணமாக 12 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டியது. அவளுக்கு 19. எக்கோ எடுத்த பெண் இரண்டு புள்ளிகளை வைத்து அளந்தார், அழித்துவிட்டு மறுபடி அளந்தார். அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்த வாரம் அம்மாவுக்கும் எடுத்தார்கள். அவருக்கும் இருந்தது, லேசாக. அறுபதை நெருங்குகிற வரைக்கும் ஒரு நாள்கூடத் தொந்தரவு கொடுக்காமல் இருந்திருக்கிறது. "என்கிட்டேருந்துதானா அவனுக்குப் போச்சு?" என்று கேட்டார். மருத்துவர் பொறுமையாக விளக்கினார், யாரும் தெரிந்து கொடுப்பதில்லை, யாருடைய தவறும் இல்லை என்று. தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். மச்சான், உன் சிரிப்பும் அவரிடமிருந்து வந்ததுதான், அந்தப் பெரிய மூக்கும்தான். அதை அன்று அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. போன வருடம் சொன்னேன்.

தங்கைக்கு இடது காரை எலும்புக்குக் கீழே ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். ஐ.சி.டி. என்பார்கள். தீப்பெட்டி அளவுதான். துடிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்கும், குழம்பினால் உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுக்கும். எரிக்சனுக்கும் அதே வகைக் கருவிதான் வைத்தார்கள். அவர் திரும்ப ஆட வந்தார், விழுந்த நாளிலிருந்து 1,100 நாள் கழித்து 2024 யூரோவில் கோலும் போட்டார். அந்த கோலை அவள்தான் எனக்கு அனுப்பிவைத்தாள். அவளுக்கு இதுவரை அந்தக் கருவி ஒரு முறைகூட வேலை செய்ய வேண்டி வரவில்லை. வராமலே இருக்கட்டும்.

நான் ஒரு பயிற்சிக்குப் போனேன். பொம்மையின் நெஞ்சில் கையை வைத்து, முழங்கை மடங்காமல், ஐந்து சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. கணக்கு அவ்வளவுதான், ஒரு மதியத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். எனக்கு முதல் முறை கை போகவில்லை. அந்தப் பொம்மைக்கு ஒரு இளம்பெண்ணின் முகம், கண்ணை மூடி லேசாகச் சிரிக்கிற மாதிரி. பாரிஸில் சேன் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட, பெயர் தெரியாத பெண் ஒருத்தியின் முகம் என்று சொல்வார்கள். 1960-ல் ஓஸ்முண்ட் லேர்டால் என்ற நார்வே நாட்டு பொம்மை தயாரிப்பாளர் அந்த முகத்தை இந்தப் பயிற்சிப் பொம்மைக்கு வைத்தாராம். சரியாக அழுத்தினால் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். இரண்டு நிமிடத்தில் தோள் கடுத்துவிடுகிறது. பயிற்சியாளர் போதும் என்றார். நான் நிறுத்தவில்லை. அவர் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அடுத்த மாதம் தங்கைக்கு 27 முடிகிறது. நீ 26-லேயே நின்றுவிட்டாய். உன் தங்கை உனக்கு அக்கா ஆகிறாள்.

கருவி வைப்பதற்கு முந்தைய நாள் ராத்திரி வார்டில் அவளுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். அம்மா பெஞ்சில் தூங்கிவிட்டார். அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று திரும்பி, "அண்ணா, அன்னிக்கு முதல் தடவ விழுந்தான்ல, அதுக்கப்புறம் வெளையாடினானா?" என்று கேட்டாள்.

"வெளையாடினான்."

"நல்லா வெளையாடினானா?"

"கோல் போட்டான்" என்றேன். எந்தப் பக்கமிருந்து பந்து வந்தது, எந்தக் காலால் அடித்தான் என்றெல்லாம் கேட்டாள். வலது காலை ஓங்குகிற மாதிரி காட்டிவிட்டு இடது காலால் தட்டிவிட்டாய், கோலி எதிர்ப்பக்கம் பாய்ந்துவிட்டான். தலையணை உறையின் மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினேன். அவள் இன்னொரு முறை காட்டச் சொன்னாள்.