கேள்வி-பதில் பகுதி: எதைத் தள்ளுவது, எதைத் திருத்துவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வாசகர் கேள்விகளுக்கு வாசகர்களே பதில் எழுதும் பகுதி கடலோர மக்களுக்கு மிகவும் வேண்டியது. ஆனால் வருகிற பதில்களை இன்னும் கவனமாகப் பிரிக்க வேண்டும். அச்சில் பார்த்ததை நம்பித்தான் பலர் கைக்காசைப் போடுகிறார்கள்.

கடலில் மிதவை கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் பாசி வெளுத்து ஒடிகிறதே என்று ஒருவர் கேட்க, 'நல்ல விதைப்பாசி போடுங்கள்' என்று வருவது பதிலே அல்ல. 'எங்களுக்கும் இதே பிரச்சினைதான்' என்பதும், கைப்பேசி எண்ணோடு வரும் மருந்து விளம்பரமும் அப்படியே. தயங்காமல் தள்ளிவிடலாம். 'மழத்தண்ணி கலந்து உப்பு கொறஞ்சா வெளுக்கும், வெயில் ஏறுனாலும் வெளுக்கும். வெளுத்தத ஒடிச்சு எடுத்துட்டு, நீரோட்டம் உள்ள எடத்துக்கு மிதவைய இழுங்க' என்று பேச்சுத் தமிழில் வருகிறதே, அதுதான் பதில். எழுத்து நடை சரியில்லை என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். திருத்தும்போதும் காரணம் சொல்லும் வரியை வெட்ட வேண்டாம்.

அரைகுறைப் பதிலைத் தள்ளாமல் எழுதியவரிடமே திருப்பிக் கேளுங்கள். 'மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி' என்றால் போதாது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் என்றால்தான் அந்தக் கணக்கு சரி. எந்தக் கடல் என்பதும் வேண்டும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணை) அடங்கியிருக்கும். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்றில் இது தலைகீழாகும்.

எங்களுக்கு அதிகக் கவலை தருவது, ஒரு காலத்தில் சரியாக இருந்த பதில்தான். மீன்பிடித் தடைக்காலம் 45 நாள் என்று நல்ல தமிழில் எழுதி வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. 2017 முதல் கிழக்குக் கடற்கரையில் அது 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அதுவும் விசைப்படகுகளுக்கு. ஆகவே எந்த ஆண்டு நிலவரம் என்று ஒவ்வொரு பதிலிலும் கேட்டு வாங்குங்கள். கடல் அட்டை என்னும் கடல்வாழ் உயிரினம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அதைப் பிடிக்கவோ விற்கவோ வழி சொல்லும் பதில் எவ்வளவு விவரமாக இருந்தாலும் வரக் கூடாது.

அச்சுக்குப் போகுமுன் அந்தத் தொழில் தெரிந்த ஒருவரும் தெரியாத ஒருவரும் தனித்தனியே படிக்கட்டும். முதலாமவர் தவறைப் பிடிப்பார், மற்றவர் புரியாத இடத்தைக் காட்டுவார். தள்ளிய பதிலுக்கும் 'அளவு இல்லை', 'எந்தக் கடல் என்று இல்லை' என ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அடுத்த முறை அவரே சேர்த்து எழுதுவார்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்